எத்தனை ஆண்டு ஆண்டார்கள்

கேள்வியே திக்குகிறது தமிழில்:
எத்தனை ஆண்டு ஆண்டார்கள்?

குரூப் டூ கைடு, பக்கம் நூற்றுப் பதினேழு.
நாகப்பட்டினம் ஸ்டாண்டில் வண்டி எடுப்பதற்குள்
டச்சுக்காரனை முடித்துவிட்டேன்.
நூற்று இருபத்து மூன்று.
அத்தனை காலம் இருந்தவன்
எங்கள் வாயில் விட்டுப்போனது
துட்டு, கக்கூஸ்.

அவனுக்கு முந்தின போர்த்துக்கீசியனுக்கோ
கைடில் ஆண்டுக் கணக்கே இல்லை.
வியாபாரிகள்தானாம், ஆளவில்லையாம்.
ஜன்னல் வைத்தான், அலமாரி வைத்தான்,
போகும்போது சாவியையும்
இங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

நாகூரில் ஏறினாள் ஒருத்தி,
தர்காவில் வாங்கிய மல்லிகை மணிக்கட்டில்.
ஐம்பது ரூபாய்த் தாள். காரைக்கால் ஒன்று.
சில்லறை இல்லை.
டிக்கெட்டின் முதுகில் முப்பத்தைந்து என்று எழுதிக்கொடுத்தேன்.
எந்த ஊரும்மா?
கெடா. மலேசியா.
அட, கடாரம்! என்றார் பின்சீட்டு குலாம் தஸ்தகீர்.
எனக்கும் மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது:
எங்க ராஜா கொண்ட ஊர்,
கப்பல் இங்கேயிருந்துதான் போச்சு.
அவள் கோபப்படவில்லை.
பாதித் தமிழில் கேட்டாள்,
அது எத்தனை ஆண்டு?

கைடில் அது வேறு பாடம்.
அங்கே தலைப்பு ‘ஆதிக்கம்’ இல்லை,
‘பெருமை’.
எத்தனை ஆண்டு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வாஞ்சூர் தாண்டினால் அடுத்த கணக்கு.
ஐம்பத்து நான்கில் கொடி இறங்கியது.
அறுபத்திரண்டில்தான் காகிதம் வந்தது.
நடுவே எட்டு வருஷம்
காரைக்கால் யாருடைய வீட்டில் தூங்கியது?
இருதயநாதனைக் கேட்டால் சிரிப்பார்.
அப்பா சைகோன் போன சொல்தா.
அம்மா கணக்கில் இன்றைக்கும்
மாதாமாதம் யூரோ விழுகிறது.
மகனுக்கு ஓட்டு பாரீசுக்கு,
வீட்டுவரி காரைக்கால் நகராட்சிக்கு.
முடிஞ்சு போச்சா சார்? என்றேன்.
அம்மா இருக்கிற வரைக்கும் இல்ல தம்பி, என்று
ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார்.

நண்டலாற்றுச் சோதனைச்சாவடியில்
போலீஸ் ஏறி ஒவ்வொரு பையாக அமுக்கிப் பார்த்தது.
எப்போதோ ஒரு தஞ்சாவூர் ராஜா
கடன் நெருக்கடியில் விற்ற நிலத்தின் ஓரம் அது.
வாங்கியவன் போய்விட்டான்,
விற்றவனும் போய்விட்டான்.
பிராந்தி மட்டும்
இந்தப் பக்கம் வந்தால் இன்னும் குற்றவாளி.

தரங்கம்பாடி.
கேள்வி எண் நாற்பத்து மூன்று: டேனியர்.
அறுநூற்று இருபதில் தொடங்கி
எண்ணூற்று நாற்பத்தைந்தில் விற்றான்.
இருநூற்று இருபத்தைந்து.
நடுவே ஏழு வருஷம் இங்கிலீஷ்காரன் பிடுங்கி வைத்திருந்தானே,
அதைக் கழிக்கவா?
கம்பெனி நடத்திய வருஷங்களும்
ராஜா நடத்தியதும் ஒரே கணக்கா?
தஞ்சாவூருக்கு வருஷா வருஷம் பகுதிப் பணம் கட்டினானே,
வாடகை கொடுப்பவனுக்குப் பெயர் சாம்ராஜ்யமா, குடித்தனமா?
கிட்டத்தட்ட முப்பது வருஷம்
அவன் தேசத்திலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லையாம்.
கோட்டையில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேர்
கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.
மழை நாளில், கடைசி டிரிப் ரத்தானது தெரியாமல்
பொறையார் ஸ்டாப்பில் நிற்பவர்களை எனக்குத் தெரியும்.
அந்த முப்பதையும்
ஆண்டது என்றா எழுதுவது?

இப்போது ஐந்தாவது வட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள்.
விடை தெரியவில்லை.
அதையும் கறுப்பாக்கத்தான் வேண்டும்,
வெறுமனே விட்டால் மார்க் குறையும்.

டிப்போவில் பையைக் கொட்டி எண்ணினேன்.
முப்பத்தைந்து ரூபாய் கூடுதல்.
கடாரத்துக்காரி கேட்காமலே இறங்கிப் போயிருக்கிறாள்.
கலெக்‌ஷனில் சேராது,
என்னுடையதும் இல்லை.
டிக்கெட்டின் முதுகில், என் கையெழுத்தில்,
கடல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது
நான் தரவேண்டிய மீதி.